குளித்ததும் அரிக்கிறதா? ஒரு சிபிசி எடுத்துப் பாருங்கள்

எனக்கு அரிப்பு, குளித்து முடித்துத் துண்டை எடுக்கும்போதுதான் தொடங்கும். வெந்நீர் என்றால் இன்னும் மோசம். தோலில் தடிப்பு இல்லை, சிவப்பு இல்லை. ஊசி குத்துவதுபோல அரை மணி நேரம். சோப்பை மாற்றினேன், போர்த் தண்ணீரைத் திட்டினேன், இரண்டு வருடம் அலர்ஜி மாத்திரை விழுங்கினேன். கடைசியில் காட்டிக்கொடுத்தது ஒரு சாதாரண சிபிசி, அதாவது ரத்த அணுக்களை எண்ணும் பரிசோதனை: ஹீமோகுளோபின் 18.9. "நல்ல ரத்தம்" என்று வீட்டில் சந்தோஷப்பட்டார்கள்! பாலிசைதீமியா வேரா என்ற, சிவப்பணுக்கள் அளவுக்கு மீறிப் பெருகும், மெதுவாக வளரும் ரத்தப் புற்றுநோய் அது.

ஆறு வாரத்துக்கு மேலும் அரிப்பு நிற்கவில்லை, சொறிந்த தடம் தவிரத் தோலில் வேறெதுவும் இல்லை என்றால், அது எப்போது வருகிறது என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். இரவில் உடை நனைய வியர்வை, காரணமில்லாத எடைக்குறைவு, கழுத்திலோ அக்குளிலோ கட்டி இருந்தால் அதையும் சேருங்கள். லிம்போமா என்ற நிணநீர் மண்டலப் புற்றுநோயைத் தேடவைக்கும் அறிகுறிகள் அவை. அப்புறம் மருத்துவரிடம் சிபிசியோடு கல்லீரல், சிறுநீரகம், தைராய்டு, சர்க்கரை, இரும்புச்சத்துப் பரிசோதனைகளையும் கேளுங்கள். பயப்படாதீர்கள், பலருக்கு வெறும் வறண்ட தோலாகத்தான் இருக்கும்.

ஹீமோகுளோபின் ஆணுக்கு 16.5, பெண்ணுக்கு 16 தாண்டினால் ரத்தவியல் மருத்துவரைப் பாருங்கள். ஜாக்2 மரபணுச் சோதனை எழுதுவார். பாலிசைதீமியா வேரா நோயாளிகளில் சுமார் 95 சதவீதம் பேருக்கு அந்த மரபணுவில் மாற்றம் இருக்கும்.

எனக்கு அவ்வப்போது ரத்தம் எடுத்து, ஹீமாடோகிரிட்டை (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) 45 சதவீதத்துக்குக் கீழே வைக்கிறார்கள். தினமும் சிறிய அளவு ஆஸ்பிரின். அரிப்பு முழுக்கப் போகவில்லை. பச்சைத் தண்ணீரில் சீக்கிரம் குளித்து, தேய்க்காமல் துண்டால் ஒற்றி எடுக்கிறேன்.