பிளக்-இன் ஹைப்ரிட் கார்: செலவுக் கணக்கில் எங்கே சறுக்குகிறோம்?

சார்ஜ் போட்டு மின்சாரத்திலும், பேட்டரி தீர்ந்தால் பெட்ரோலிலும் ஓடும் பிளக்-இன் ஹைப்ரிட் காரின் விவரக் கையேட்டைப் புரட்டினால், 100 கிலோமீட்டருக்கு ஒன்று, ஒன்றரை லிட்டர் பெட்ரோல் போதும் என்று போட்டிருக்கும். பார்த்ததும் யாருக்கும் ஆசை வரும். அதே காரை ஓராண்டு ஓட்டியவர்களிடம் கேட்டால், ஒருவர் "பெட்ரோல் பங்க் பக்கம் போயே மாதக்கணக்காகிறது" என்பார். இன்னொருவர் "பழைய காருக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை" என்பார். இருவர் சொல்வதும் உண்மைதான். சாதாரண பெட்ரோல் காரை யார் ஓட்டினாலும் எரிபொருள் செலவு கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும், அவ்வளவுதான். இந்த வகைக் காரிலோ ஓட்டுபவரின் அன்றாடத்தைப் பொறுத்து அது மடங்குக் கணக்கில் மாறும். அதனால் காரின் கையேட்டிலிருந்து தொடங்கும் ஒப்பீடு பெரும்பாலும் கோணலாகத்தான் முடிகிறது. முதலில் பார்க்க வேண்டியது நம்முடைய ஓட்டத்தை.

கையேட்டு எண்ணை அப்படியே நம்புவது

அந்த ஒன்றரை லிட்டர் எங்கிருந்து வருகிறது? காரின் எரிபொருள் செலவை அளக்க ஐரோப்பாவில் பயன்படும் டபிள்யூஎல்டிபி என்ற சோதனையில், காரை முதலில் முழு பேட்டரியோடு ஓட்டுகிறார்கள். பிறகு பேட்டரி தீர்ந்த நிலையில் ஓட்டுகிறார்கள். இரண்டு அளவுகளையும் ஒரு விகிதத்தில் கலந்து ஒரே எண்ணாக்குகிறார்கள். அந்த விகிதம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. மின்சாரத்தில் 60 கிலோமீட்டர் ஓடும் கார் என்றால், அதன் மொத்த ஓட்டத்தில் 80 சதவீதத்துக்கும் மேல் மின்சாரத்தில்தான் நடக்கும் என்று பழைய விதி வைத்துக்கொண்டது. அதாவது உரிமையாளர் தவறாமல் சார்ஜ் போடுவார் என்ற அனுமானம்.

நடப்பு வேறு. ஐரோப்பிய ஆணையம் 2024இல் வெளியிட்ட அறிக்கையில், 2021இல் பதிவான கார்களுக்குள் இருக்கும் அளவீட்டுக் கருவிகளின் தரவைச் சோதனை எண்களோடு ஒப்பிட்டார்கள். பெட்ரோல், டீசல் கார்கள் சோதனையைவிட ஏறத்தாழ 20 சதவீதம் கூடுதலாகக் கரியமில வாயுவை வெளியேற்றின. பிளக்-இன் ஹைப்ரிட்களோ சராசரியாக மூன்றரை மடங்கு. தூய போக்குவரத்தை ஆராயும் ஐசிசிடி அமைப்பும் ஜெர்மனியின் பிரான்ஹோபர் ஆய்வு நிறுவனமும் 2022இல் சேர்ந்து செய்த ஆய்வில் காரணம் இன்னும் தெளிவாகத் தெரிகிறது. சொந்தக் காராக வைத்திருப்பவர்கள் ஓட்டத்தில் 45 முதல் 49 சதவீதம்தான் மின்சாரம். அலுவலகம் கொடுத்த கார் என்றால் 11 முதல் 15 சதவீதம். பெட்ரோல் காசை அலுவலகம் தரும்போது கேபிளை எடுத்துச் செருக யாருக்குத்தான் மனம் வரும்!

இதில் இன்னொரு பொறியும் இருக்கிறது. அந்த அனுமானத்தை ஐரோப்பாவில் 2025 முதல் திருத்தி வருகிறார்கள். அதே 60 கிலோமீட்டர் காருக்கு இப்போது சுமார் 54 சதவீதம்தான் மின்சாரப் பங்கு. ஆகவே காரில் ஒரு திருகுகூட மாறாமல் கையேட்டில் பெட்ரோல் அளவு கூடிவிடும். பழைய விதியில் சான்று பெற்ற ஒரு காரையும் புதிய விதியில் சான்று பெற்ற இன்னொன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், பழையது அபார சிக்கனமாகத் தெரியும். உண்மையில் இரண்டும் ஒன்றாகவே இருக்கலாம்.

அமெரிக்கக் கார்களில் எம்பிஜிஇ என்று ஓர் எண் வரும்; ஒரு கேலன் பெட்ரோலுக்கு நிகரான ஆற்றலில் எத்தனை மைல் என்று பொருள். 33.7 யூனிட் மின்சாரத்தை ஒரு கேலன் பெட்ரோலுக்குச் சமமாக வைத்துப் போட்ட கணக்கு அது. ஆற்றலைத்தான் அது அளக்கிறது, காசை அளக்கவில்லை. அதை வைத்து மாதச் செலவு போட முடியாது.

சரி, கையேட்டில் எதைத்தான் பார்ப்பது? மூன்று எண்கள் போதும்: மின்சாரத்தில் மட்டும் எவ்வளவு தூரம், மின்சாரத்தில் ஓடும்போது 100 கிலோமீட்டருக்கு எத்தனை யூனிட், பேட்டரி தீர்ந்த பிறகு 100 கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர். மூன்றாவதைச் சில கையேடுகளில் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கும். எனக்கு அதுவே ஒரு சேதி.

சராசரி தூரத்தை வைத்துக் கணக்கிடுவது

"நான் ஒரு நாளைக்குச் சராசரியாக 40 கிலோமீட்டர் ஓட்டுகிறேன், இந்தக் கார் மின்சாரத்தில் 60 போகும், ஆகவே எனக்குப் பெட்ரோலே வேண்டாம்." கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் வாரத்துக்கு 280 கிலோமீட்டர் என்பதைப் பல விதமாக ஓட்டலாம். தினமும் 40 என்றால் முழுவதும் மின்சாரம்தான். ஆறு நாள் 15 கிலோமீட்டர், ஏழாம் நாள் 190 கிலோமீட்டர் என்றால்? ஆறு நாளில் 90, ஏழாம் நாளில் முதல் 60, ஆக 150 கிலோமீட்டர்தான் மின்சாரம். மீதி 130 பெட்ரோல். சராசரி மாறவில்லை, மின்சாரப் பங்கு 54 சதவீதமாக இறங்கிவிட்டது. ஒவ்வொரு நாளின் தூரத்தையும் ஒரு மாதம் குறித்து வைத்தால் உண்மையான பங்கு தெரிந்துவிடும். இடையில் சார்ஜ் போட வாய்ப்புள்ள நாள்களையும் சேர்த்துக் குறிப்பது நல்லது.

குளிர்காலத்தை மறக்கக் கூடாது. குளிரில் பேட்டரியின் தூரம் குறையும். சில மாடல்களில் கேபினைச் சூடாக்க என்ஜினே ஓட வேண்டும், பேட்டரி நிறைந்திருந்தாலும்.

மின்சாரம் என்றாலே மலிவு என்று நினைப்பது

எனக்குத் தெரிந்து அதிகம் பேர் சறுக்கும் இடம் இதுதான், அதனால் இங்கே கொஞ்சம் நின்று கணக்குப் போடலாம். எல்லா நாட்டுப் பணத்துக்கும் பொருந்துகிற ஒரு வழி இருக்கிறது: ஒரு லிட்டர் பெட்ரோலின் விலையை ஒரு யூனிட் மின்சாரத்தின் விலையால் வகுத்துவிடுங்கள்.

உதாரணத்துக்கு டொயோட்டா ராவ்4 பிரைமை எடுத்துக்கொள்வோம். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் மதிப்பீட்டைக் கிலோமீட்டருக்கு மாற்றினால், மின்சாரத்தில் 100 கிலோமீட்டருக்கு சுமார் 22.3 யூனிட், பேட்டரி தீர்ந்த பின் சுமார் 6.2 லிட்டர். 22.3ஐ 6.2ஆல் வகுத்தால் 3.6 வருகிறது. பெட்ரோல் விலை யூனிட் விலையைப் போல் 3.6 மடங்குக்கு மேல் இருந்தால் சார்ஜ் போடுவது லாபம். அதற்குக் கீழே போனால், கேபிளைச் செருகும் ஒவ்வொரு முறையும் பெட்ரோலைவிடக் கூடுதலாகக் கொடுக்கிறோம் என்று பொருள். வீட்டு மின்கட்டணத்தில் இந்த விகிதம் நன்றாகவே இருக்கலாம். பொது சார்ஜிங் நிலையத்தின் யூனிட் விலையில் அதே விகிதம் சட்டென்று விழுந்துவிடும். அப்புறம், பல பிளக்-இன் ஹைப்ரிட்கள் வேக சார்ஜரை ஏற்பதே இல்லை. வெளியில் சார்ஜ் போட்டால் காத்திருப்பும் நம் கணக்கில்தான்.

இப்போது எல்லாவற்றையும் லிட்டராகவே மாற்றிப் பார்க்கலாம். ஆண்டுக்கு 15,000 கிலோமீட்டர். வீட்டில் விகிதம் 8 என்று வைத்துக்கொண்டால், மின்சாரத்தில் 100 கிலோமீட்டர் போக 2.8 லிட்டர் விலைதான் ஆகும். மின்சாரப் பங்கு 60 சதவீதம் என்றால் ஆண்டுச் செலவு சுமார் 624 லிட்டருக்குச் சமம். அதே குடும்பத்துச் சாதாரண ஹைப்ரிட், அதாவது சார்ஜ் போடத் தேவையில்லாத ராவ்4 ஹைப்ரிட், 100 கிலோமீட்டருக்கு 5.9 லிட்டர் குடிக்கும்; ஆண்டுக்கு 885 லிட்டர். மிச்சம் 261 லிட்டர். பரவாயில்லை. மின்சாரப் பங்கு 20 சதவீதமாக இறங்கினால் பிளக்-இன் செலவு 828 லிட்டர், மிச்சம் வெறும் 57 லிட்டர். விகிதம் 3 ஆக இருக்கும் இடத்தில் 60 சதவீதம் சார்ஜ் போட்டு ஓட்டினால் 1,041 லிட்டர் ஆகிறது. ஒழுங்காகச் சார்ஜ் போட்டவருக்குத் தண்டனை!

விலை வித்தியாசத்தையும் லிட்டராக்கிவிட்டால் விஷயம் இன்னும் வெளிச்சமாகும். சாதாரண ஹைப்ரிட்டைவிட பிளக்-இன் கூடுதலாகக் கேட்கும் தொகை 2,600 லிட்டர் பெட்ரோலுக்குச் சமம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு 261 லிட்டர் மிச்சம் பிடிப்பவருக்கு அது திரும்பி வரப் பத்து ஆண்டு. 57 லிட்டர் மிச்சம் பிடிப்பவருக்கு நாற்பத்தைந்து ஆண்டு.

இன்னொரு சின்ன விஷயம். காரின் திரை காட்டும் யூனிட்டும் வீட்டு மீட்டர் காட்டும் யூனிட்டும் ஒன்றல்ல. சார்ஜ் ஏறும்போதே ஒரு பகுதி வெப்பமாகப் போய்விடும். மேலே சொன்ன மதிப்பீட்டில் அந்த இழப்பு சேர்ந்தே இருக்கிறது. திரையைப் பார்த்துச் சொந்தமாகக் கணக்குப் போடுபவர்கள் பத்து, பதினைந்து சதவீதம் கூட்டிக்கொள்ள வேண்டும்.

எதிரே தவறான காரை நிறுத்துவது

விற்பனையாளர் பெரும்பாலும் பிளக்-இன் காரைச் சாதாரண பெட்ரோல் காரோடு ஒப்பிட்டுக் காட்டுவார். அங்கே வித்தியாசம் பெரிதாகத் தெரியும். ஆனால் அந்த மிச்சத்தில் பாதியோ அதற்கு மேலோ சாதாரண ஹைப்ரிட்டே கொடுத்துவிடும். மேலே உள்ள கணக்கில் 100 கிலோமீட்டருக்கு 8 லிட்டர் குடிக்கும் பெட்ரோல் காரைச் சேர்த்தால் அதற்கு ஆண்டுக்கு 1,200 லிட்டர். அதிலிருந்து 885க்கு இறங்க பிளக் தேவையே இல்லை. ஆகவே உண்மையான போட்டி ஒரு பக்கம் சாதாரண ஹைப்ரிட்டோடு, மறுபக்கம் முழு மின்சாரக் காரோடு. தினமும் வீட்டில் சார்ஜ் போட்டு, நெடுந்தூரம் அபூர்வமாகவே போகிறவர், முழு மின்சாரக் காரை ஏன் பார்க்கக் கூடாது என்று தன்னைக் கேட்டுக்கொள்ளலாம்.

விலையிலும் ஒரு வம்பு உண்டு. பல நிறுவனங்கள் பிளக்-இன் வகையை உயர்ந்த டிரிம்களில், அதாவது வசதி கூடிய ரகங்களில் மட்டுமே தருகின்றன. அடிப்படை டிரிம் பெட்ரோல் காரின் விலையோடு அதை ஒப்பிட்டால் தோல் இருக்கையும் பெரிய திரையும்கூட பேட்டரியின் கணக்கில் ஏறிவிடும். எதிர்த்திசையிலும் ஏமாறலாம்: வேண்டாத வசதிகளுக்கு வேறு வழியின்றிப் பணம் கொடுக்கிறோமே, அது நிஜமான செலவுதான். நாம் உண்மையில் வாங்கக்கூடிய இரண்டு டிரிம்களை எதிரெதிரே வைப்பதே சரி.

மானியமும் மறுவிற்பனையும்

மானியத்தை நிரந்தரம் என்று நினைக்க வேண்டாம். பிரிட்டன் 2018லேயே பிளக்-இன் ஹைப்ரிட்களுக்கான மானியத்தை நிறுத்தியது. ஜெர்மனி 2022 முடிவில் நிறுத்தியது. அமெரிக்காவின் மத்திய வரிச் சலுகை 2025 செப்டம்பர் 30உடன் முடிந்தது. ஓட்டும்போது கிடைக்கும் சலுகைகளும் அப்படித்தான்: லண்டனின் நெரிசல் கட்டணத்தில் பிளக்-இன் ஹைப்ரிட்களுக்கு இருந்த விலக்கு 2021 அக்டோபரில் போய்விட்டது. ஐந்தாண்டுக் கணக்குப் போடும்போது இன்றைய சலுகையை ஐந்தால் பெருக்கி எழுதுவது ஆபத்து. கையில் உறுதியாகக் கிடைப்பதை மட்டும் கழித்துக்கொள்ளுங்கள்.

மறுவிற்பனை மதிப்பைப் பேசும்போது, "இந்தக் கார் மூன்றாண்டில் பாதி விலை இழந்துவிட்டது" என்பார்கள். எந்த விலையில் பாதி? மானியத்துக்கு முன் அச்சிட்ட விலையிலிருந்தா, முதல் உரிமையாளர் உண்மையில் கொடுத்த தொகையிலிருந்தா? இரண்டும் வெவ்வேறு பதில் தரும். புதிய காரின் முதல் சில ஆண்டுகளில் மிகப் பெரிய செலவு பெரும்பாலும் இந்தத் தேய்மானம்தான், பெட்ரோல் அல்ல. தொழில்நுட்பம் முன்னேறும் வேகமும் இதைப் பாதிக்கும். 2012இல் வந்த பிளக்-இன் பிரியஸில் 4.4 யூனிட் பேட்டரி, மின்சாரத்தில் மட்டும் போவது இருபது கிலோமீட்டருக்கும் குறைவு. 2023இல் வந்த பிரியஸ் பிரைமில் 13.6 யூனிட், சுமார் 70 கிலோமீட்டர். பழையதின் விலையை எது இறக்கியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. மாதத் தவணையை மட்டும் ஒப்பிடுபவர்களுக்கு இது எதுவும் கண்ணில் படாது.

பராமரிப்பு குறைவு என்ற நம்பிக்கை

முழு மின்சாரக் காருக்குச் சொல்லும் பராமரிப்பு வாதத்தை இதற்கு நீட்ட முடியாது. இங்கே என்ஜினும் இருக்கிறது, மோட்டாரும் இருக்கிறது. என்ஜின் அபூர்வமாக ஓடினாலும் ஆயிலை நாள் கணக்குப்படி மாற்றியாக வேண்டும். டேங்கில் கிடக்கும் பெட்ரோலும் பழசாகும். செவர்லே வோல்ட் என்ற பிளக்-இன் கார், ஓராண்டுக்கு மேல் பழசான பெட்ரோலைத் தானாகவே என்ஜினை ஓட்டித் தீர்க்கும்படி வடிவமைக்கப்பட்டிருந்தது. பிரேக் பேடு மெதுவாகத் தேயும், அது லாபம். எடை கூடுதல் என்பதால் டயர் சீக்கிரம் தேயலாம். காப்பீட்டுத் தொகையை ஊகிக்காமல், வாங்கும் முன்பே இரண்டு மாடல்களுக்கும் விலை கேட்டுவிடுவது எளிது. வீட்டில் சார்ஜருக்காகத் தனி வயரிங் தேவைப்பட்டால் அந்தச் செலவையும் சேர்க்க வேண்டும். ஆனால் பேட்டரி சிறியது என்பதால் பலருக்கு இரவு முழுக்கச் சாதாரண பிளக் பாயிண்டே போதுமாக இருக்கும். பெரிய சார்ஜரை வாங்கச் சொல்பவர் பேச்சைக் கேட்டு அவசரப்பட வேண்டாம்.

பயன்படுத்திய கார் வாங்குவோருக்கு

மலிவாகக் கிடைக்கும் பழைய பிளக்-இன் நல்ல பேரமாக இருக்கலாம், பேட்டரியைப் பார்த்து வாங்கினால். 60 யூனிட் பேட்டரி உள்ள மின்சாரக் காரை நான்கு நாளுக்கு ஒரு முறை நிரப்பினால் போதும் என்ற இடத்தில், 15 யூனிட் பிளக்-இன் தினமும் நிரம்பிக் காலியாகும். தூரம் ஒன்றே, சுழற்சி நான்கு மடங்கு. இதை ஈடுகட்ட நிறுவனங்கள் பேட்டரியின் ஒரு பகுதியைப் பயன்படுத்தாமல் ஒதுக்கிவைக்கின்றன. முதல் வோல்ட்டில் 16 யூனிட்டில் சுமார் 10தான் ஓட்டத்துக்குக் கிடைத்தது. பேட்டரிக்கு எட்டு ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர் உத்தரவாதம் என்பது பரவலான வழக்கம், ஆனால் அது எப்போது தொடங்கியது, எத்தனை சதவீதக் கொள்ளளவு வரை தாங்கும், அடுத்த உரிமையாளருக்கு மாறுமா என்பதைப் பத்திரத்தில் வாசித்துவிடுங்கள்.

பார்க்கப் போகும்போது முழு சார்ஜோடு காரைத் தயாராக வைக்கச் சொல்லுங்கள். பேட்டரி தீரும்வரை ஓட்டி, உண்மையில் எத்தனை கிலோமீட்டர் வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகும் ஒரு அரை மணி நேரம் ஓட்டுங்கள். அப்போது லிட்டருக்கு எவ்வளவு கிடைக்கிறதோ அதையும், முதலில் வந்த தூரத்தையும் மேலே சொன்ன கணக்கில் போட்டு, கையேட்டின் எண்களை அடித்துவிடலாம்.