கஞ்சா விவாதம்: எதிர்ப்பவர்களைப் பற்றி எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கஞ்சாவைச் சட்டபூர்வமாக்குவதை யார் எதிர்க்கிறார்கள் என்று கேட்டால், காவல்துறை, மதபோதகர்கள், பிள்ளைகளை நினைத்து அஞ்சும் பெற்றோர் என்று பலரும் யோசிக்காமல் அடுக்கிவிடுவார்கள். ஆதரவாளர்களைக் கேட்டால் மது நிறுவனங்களும் மருந்து நிறுவனங்களும் சிறைக் காவலர் சங்கங்களும் அந்தப் பட்டியலில் சேர்ந்துகொள்ளும். இவற்றில் எதுவும் கற்பனை அன்று. ஆயினும் அமெரிக்க மாநிலங்களில் நடந்த வாக்கெடுப்புகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால், இந்தப் பட்டியலை மட்டும் நம்பி எழுதப்படும் கட்டுரைகள் எங்கே தடம் புரள்கின்றன என்பது தெரிந்துவிடும்.

முதல் தவறு சொற்களிலேயே தொடங்குகிறது. தண்டனையைக் குறைப்பது, சிறிதளவு வைத்திருப்பதைக் குற்றப் பட்டியலிலிருந்து நீக்குவது, மருத்துவர் பரிந்துரையின் பேரில் அனுமதிப்பது, கடை திறந்து விற்க உரிமம் கொடுப்பது ஆகிய நான்கும் வெவ்வேறானவை. போர்ச்சுகல் கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கிவிட்டது என்று எழுதுபவர்கள் இதைத்தான் குழப்பிக்கொள்கிறார்கள். அங்கே 2001-இல் நடைமுறைக்கு வந்த சட்டப்படி, பத்து நாள் தேவைக்கு மேற்படாத அளவு, அதாவது கஞ்சா இலையானால் 25 கிராம் வரை வைத்திருந்து பிடிபடுபவர் குற்றவியல் நீதிமன்றத்துக்கு அனுப்பப்படுவதில்லை. சட்டம், மருத்துவம், சமூகப்பணி போன்ற துறைகளிலிருந்து வந்த மூவர் குழுவின் முன் அமர்ந்து தம் பழக்கத்தைப் பற்றிப் பேச வேண்டியிருக்கும். விற்பவருக்கு அந்தச் சலுகை இல்லை. விற்பனை அங்கே குற்றமாகவே நீடிக்கிறது.

இந்த வேறுபாட்டைக் கைவிட்டால், எதிர்ப்பவர் எல்லாம் புகைப்பவரைச் சிறையில் தள்ள விரும்புகிறவர் என்ற முடிவுக்கு வந்துவிடுவோம். அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி 2015-இல் வெளியிட்ட கொள்கை அறிக்கை சட்டபூர்வமாக்குவதை எதிர்க்கிறது. அதே அறிக்கை குற்றப் பட்டியலிலிருந்து நீக்குவதை ஆதரிக்கிறது. வெள்ளை மாளிகையில் போதைப்பொருள் கொள்கை ஆலோசகராக இருந்த கெவின் சபெட்டும், தம் போதைப் பழக்கத்தைப் பற்றி வெளிப்படையாகப் பேசிய முன்னாள் அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர் பாட்ரிக் கென்னடியும் 2013-இல் தொடங்கிய ‘ஸ்மார்ட் அப்ரோச்சஸ் டு மரிஜுவானா’ அமைப்பின் வாதமும் இதற்குப் பக்கத்தில்தான் நிற்கிறது. கஞ்சா புகைத்தவரைச் சிறைக்கு அனுப்பாதீர்கள், அதே சமயம் புகையிலை நிறுவனங்களைப் போல ஒரு பெருந்தொழிலை வளர்த்தும் விடாதீர்கள் என்பதே அவர்கள் சொல்வது. இந்த வாதத்தை ஏற்காதவரும் ஏற்காத காரணத்தைச் சொல்ல வேண்டும். அதைச் சிறை ஆசை என்று திரித்துவிட்டு மறுப்பது விவாதமாகாது.

இரண்டாவது தவறு, எதிர்ப்பவருக்குக் கஞ்சா பிடிக்காது என்று கருதிக்கொள்வது. என்னைக் கேட்டால், இந்த விவாதத்தின் சுவையான பகுதியே இங்கேதான் இருக்கிறது. கலிபோர்னியாவின் வடக்கே ஹம்போல்ட், மெண்டசீனோ, டிரினிட்டி என்ற மூன்று மாவட்டங்கள் சேர்ந்த மலைப்பகுதிக்கு ‘மரகத முக்கோணம்’ என்று பெயர். பல பத்தாண்டுகளாகக் கஞ்சா பயிரிட்டே பிழைத்த நிலம் அது. இருபத்தொரு வயது நிரம்பியவர்கள் ஒரு அவுன்ஸ் வரை வைத்திருக்கலாம் என்ற ‘முன்மொழிவு 19’ 2010 நவம்பரில் மக்களின் நேரடி வாக்கெடுப்புக்கு வந்தபோது, அந்த மூன்று மாவட்டங்களும் அதற்கு எதிராகவே வாக்களித்தன. மலைச்சரிவில் மறைத்து வளர்த்து, கத்தரிக்கோலால் இலையை நறுக்கிப் பூவைத் தனியே எடுத்து விற்கும் சிறு விவசாயிக்குக் கிடைத்த விலையில் பெரும்பகுதி, பிடிபடும் அபாயத்துக்கான கூலி. சட்டபூர்வமானால் வரிக்கு முந்தைய விலை 80 சதவீதத்துக்கும் மேல் வீழக்கூடும் என்று ராண்ட் ஆய்வு நிறுவனம் அந்த ஆண்டு ஜூலையில் மதிப்பிட்டிருந்தது. ஏறத்தாழ அதே நேரத்தில் அதே மாநிலத்தின் ஓக்லாந்து நகர மன்றம் நான்கு பெரிய தொழிற்சாலை அளவிலான வளர்ப்புக்கூடங்களுக்கு உரிமம் தர முடிவெடுத்தது. ஹம்போல்டைக் காப்பாற்ற வேண்டுமானால் கஞ்சாவுக்கான தடை நீடிக்கட்டும் என்று வண்டிகளின் பின்புறம் ஒட்டப்பட்ட வாசகத்தில் கேலி பாதி என்றால் கவலை பாதி.

கலிபோர்னியாவில் கசப்பு வருமானத்தோடு நின்றுவிடவும் இல்லை. 1996-இல் மருத்துவப் பயன்பாட்டை அனுமதித்த ‘முன்மொழிவு 215’-ஐ உருவாக்கியவர்களில் ஒருவரான டென்னிஸ் பெரோன், பொழுதுபோக்குப் பயன்பாட்டுக்கான முன்மொழிவுகளை எதிர்த்தார். கஞ்சாப் பயன்பாடு அனைத்தும் மருத்துவப் பயன்பாடே என்பது அவர் கொள்கை. இத்தகையவரை ‘எதிர்ப்பாளர்’ என்ற ஒரே கூடையில் காவல்துறைத் தலைவரோடு சேர்த்துப் போட்டால் இருவரையுமே புரிந்துகொள்ள முடியாது.

முடிவுகளைப் படிக்கும்போதும் இதே தவறு நேர்கிறது. ஒஹாயோ மாநிலத்தில் கஞ்சாவைச் சட்டபூர்வமாக்க 2015-இல் வாக்கெடுப்புக்கு வந்த ‘மூன்றாம் கேள்வி’யை ஏறத்தாழ 64 சதவீதத்தினர் நிராகரித்தனர். கஞ்சாவை அந்த மாநிலம் வெறுத்தது என்று செய்தி எழுதுவது எளிது. ஆனால் வணிகப் பயிர்ச்செய்கைக்கான உரிமையைப் பிரசாரத்துக்குப் பணம் போட்டவர்களின் பத்து இடங்களுக்கு மட்டுமே அரசமைப்பில் எழுதிக்கொடுக்கச் சொன்ன திட்டம் அது. கஞ்சாவை விரும்பியவர்களில் பலரே அதை ஏகபோகம் என்று ஒதுக்கினார்கள். எட்டு ஆண்டுகள் கழித்து, 2023-இல், அந்தப் பத்து இட உரிமை இல்லாத வேறொரு சட்டவரைவு வந்தபோது அதே மாநிலத்தில் 57 சதவீதத்தினர் ஆதரித்தனர். வாக்குச்சீட்டில் என்ன அச்சிட்டிருந்தது என்பதைப் படிக்காமல் சதவீதத்தை மட்டும் மேற்கோள் காட்டாதீர்கள்.

பணம் எங்கிருந்து வந்தது என்று பார்ப்பது நல்ல பழக்கம்தான். 2016-இல் கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கக் கோரிய அரிசோனாவின் ‘முன்மொழிவு 205’-ஐ எதிர்த்த பிரசாரத்துக்கு இன்சிஸ் என்ற மருந்து நிறுவனம் 5 லட்சம் டாலர் கொடுத்தது. புற்றுநோய் வலிக்காக நாக்கின் அடியில் தெளிக்கும் ஃபென்டனில் என்ற போதை தரும் வலிநிவாரண மருந்தை விற்றுவந்த நிறுவனம் அது. கஞ்சாவின் போதைச் சத்தான டிஎச்சி-யைச் செயற்கையாகத் தயாரித்த மருந்து ஒன்றுக்கும் அதே ஆண்டில் அனுமதி வாங்கியிருந்தது. மருத்துவர்களுக்கு லஞ்சம் கொடுத்து ஃபென்டனிலை விற்ற வழக்கில் அதன் நிறுவனர் ஜான் கபூர் 2019-இல் குற்றவாளி எனத் தீர்ப்பளிக்கப்பட்டார். இதைவிடப் பொருத்தமான வில்லனை யாரும் கண்டுபிடிக்க முடியாது என்பதே இங்கிருக்கும் சிக்கல்: அன்று ‘வேண்டாம்’ என்று வாக்களித்த 51 சதவீதத்தினர் எல்லோரையும் அந்த ஒரு காசோலை விளக்கிவிடுவதாகத் தோன்றிவிடுகிறது. பணம் ஒரு பக்கத்தில் மட்டும் பாயவும் இல்லை. 2024-இல் ஃபுளோரிடாவில் ஆதரவுப் பிரசாரத்துக்கு டிரூலீவ் என்ற கஞ்சா நிறுவனம் 10 கோடி டாலருக்கும் மேல் செலவிட்டது. ஏறத்தாழ 56 சதவீத வாக்குகள் கிடைத்தும், அங்கே 60 சதவீதம் தேவை என்பதால் அந்த முன்மொழிவு தோற்றது.

அமைப்புகளின் நிலைப்பாட்டை என்றென்றைக்கும் உரியதாக எண்ணுவதும் பிழை. 1937-இல் அமெரிக்கா கஞ்சாவின் மீது தடைக்குச் சமமான வரியை விதித்தபோது, அதை எதிர்த்து நாடாளுமன்றக் குழுவின் முன் சாட்சியம் சொன்னவர் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சார்பில் வந்த வில்லியம் உட்வர்ட். பின்னாளில் அதே சங்கம் பொழுதுபோக்கு விற்பனையை எதிர்க்கும் தரப்பில் நின்றது. காவல்துறையும் ஒரே குரலில் பேசுவதில்லை. போதைப்பொருள் தடையை எதிர்க்கும் காவலர்களும் ஓய்வுபெற்ற அதிகாரிகளும் 2002-இல் தமக்கென ஓர் அமைப்பைத் தொடங்கினர். 2010-இல் கலிபோர்னியாவில் கறுப்பின மக்களுக்கான என்ஏஏசிபி அமைப்பின் மாநிலப் பிரிவு ‘முன்மொழிவு 19’-ஐ ஆதரித்தது. கறுப்பின மதபோதகர்கள் சிலர் அந்த முடிவைக் கடுமையாகச் சாடினர்.

எதிர்ப்பவரின் காரணத்தை அவர் சொல்லும் முன்பே நாம் ஊகித்துவிடுவதால் வரும் நஷ்டத்துக்கு ஜெர்மனி நல்ல எடுத்துக்காட்டு. 2024 ஏப்ரல் 1 முதல் அங்கே பெரியவர்கள் 25 கிராம் வரை கையில் வைத்திருக்கலாம், வீட்டில் மூன்று செடி வளர்க்கலாம். மருத்துவர் சங்கம் எதிர்த்ததை யாரும் வியப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. நீதிபதிகள் சங்கமும் எச்சரித்தது. புதிய சட்டப்படி குற்றமாகாத செயல்களுக்காக விதித்து இன்னும் நிறைவேறாத தண்டனைகள் ரத்தாகும் என்பதால், நாடு முழுவதும் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட வழக்குக் கோப்புகளைத் திரும்ப எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கும் என்பது அவர்கள் கணக்கு. ஒரே தீர்ப்பில் கஞ்சாவோடு வேறு குற்றமும் சேர்ந்திருந்தால் தண்டனையைப் புதிதாகக் கணக்கிட வேண்டும். அதற்கு யாராவது அந்தக் கோப்பைக் கையில் எடுத்துத் தாள் தாளாகப் புரட்டித்தான் ஆக வேண்டும்.