‘வரியற்ற தசை’ என்று எப்போது எழுதலாம்?

குடல் போன்ற உள்ளுறுப்புகளின் சுவரில் இருக்கும் மென்தசைக்கு ‘வரியற்ற தசை’ என்ற பெயர், நுண்ணோக்கியில் அதன் குறுக்கே கோடுகள் தெரியாததால் வந்தது. தசை நம் விருப்பத்துக்குக் கட்டுப்படுமா என்பதை அது சொல்வதில்லை. அதைச் சொல்ல ‘இயங்கு தசை’ (நம் விருப்பத்துக்குக் கட்டுப்படாமல் தானாக இயங்குவது) என்ற சொல் இருக்கிறது. இரண்டையும் ஒன்றாக நினைத்தால் இதயத்தசையில் மாட்டிக்கொள்வீர்கள்: அது இயங்கு தசை, ஆனால் வரியுள்ளது. ‘தன்னிச்சைத் தசை’ என்று மட்டும் எழுதாதீர்கள். ஒருவர் ‘நம் இச்சைப்படி’ என்று படிப்பார், மற்றவர் ‘தானாகவே’ என்று படிப்பார்.

தசையைச் சுருங்கவைக்கும் ஆக்டின், மயோசின் என்ற புரத இழைகள் மென்தசையிலும் உண்டு. எலும்புத் தசையில் அவை சார்கோமியர்கள் என்ற சிறு அலகுகளாக ஒழுங்காக அடுக்கப்பட்டிருப்பதால் வெளிர்பட்டையும் கரும்பட்டையும் மாறிமாறித் தெரிகின்றன. மென்தசையில் அந்த அடுக்கு இல்லை.

செய்முறைத் தேர்வில் ஸ்பாட்டராக (அடையாளம் கண்டு எழுதவேண்டிய மாதிரியாக) வைத்த ஸ்லைடை முதலில் 10 மடங்கு லென்ஸில் பார்த்து, செல்கள் நீளவாக்கில் வெட்டுப்பட்டவையா, குறுக்காகவா என்று முடிவு செய்யுங்கள். பிறகு 40 மடங்கு லென்ஸுக்கு மாறி, ஸ்லைடுக்குக் கீழே வெளிச்சத்தைக் குவிக்கும் கண்டென்சரின் டயாஃபிரத்தை (ஒளி வரும் துளையை) சற்று மூடுங்கள். வெளிச்சம் கூடினால் இருக்கிற வரியும் மங்கிவிடும். பலர் கோட்டைவிடுவது வெட்டின் திசையில்தான்: எலும்புத் தசையையும் குறுக்காக வெட்டினால் வரி தெரியாது. அப்போது நியூக்ளியஸைப் பாருங்கள். எலும்புத் தசை நாரில் அவை பல, ஓரத்தை ஒட்டியிருக்கும். மென்தசைச் செல்லில் ஒன்றே, நடுவில். மென்தசைச் செல் கதிர்க்கோல் வடிவம் (நடுவில் பருத்து, இரு நுனியும் கூர்ந்தது) என்பதால் குறுக்குவெட்டில் பெரிதும் சிறிதுமாக வட்டங்கள் தெரியும்; நுனிப்பக்கம் வெட்டுப்பட்ட சிறு வட்டங்களில் நியூக்ளியஸே இருக்காது.

பழகுவதற்குச் சிறுகுடல் ஸ்லைடுதான் நல்லது. சென்னைக் கறிக்கடையில் ‘போட்டி’ என்று வாங்கும் ஆட்டுக்குடலின் சுவரில் இருப்பதும் இதே தசைதான், தொடைக்கறி வரித்தசை. குடல் சுவரில் உள்ளே வட்டத் தசை, வெளியே நீளவாக்குத் தசை. எனவே குடலைக் குறுக்காக வெட்டிய ஒரே ஸ்லைடில் உள்ளடுக்குச் செல்கள் நீளமாகவும் வெளியடுக்குச் செல்கள் வட்டமாகவும் தெரியும். இரண்டையும் வரைந்து பழகுங்கள்.

உறுப்பின் பெயரை வைத்து மட்டும் எழுதினால் மதிப்பெண் போகும். மூச்சுவிட உதவும் உதரவிதானம் நாம் நினைக்காமலே அசைந்தாலும் வரித்தசைதான். மனித உணவுக்குழலில் மேல் மூன்றிலொரு பங்கு வரித்தசை, நடுப்பங்கு இரண்டும் கலந்தது, கீழ்ப்பங்கு மட்டுமே முழுக்க வரியற்றது. அதனால் ‘உணவுக்குழலின் தசை வரியற்றது’ என்று எழுதாமல், ‘உணவுக்குழலின் கீழ்ப்பகுதியில் வரியற்ற தசை உள்ளது’ என்று இடத்தையும் சேர்த்து எழுதுங்கள்.