மாதக்கடைசியில் மருந்து விற்கும் பிரதிநிதிக்கு

காவேரிப்பட்டணம் பக்கம் மாந்தோப்புகளுக்குப் பூச்சிமருந்து விற்கும் பிரதிநிதிக்கு, மாதக்கடைசியில் இலக்கு எட்டாதபோது, காலாவதிக்கு 20 நாளே உள்ள பாட்டில்களைக் கடைக்காரர் தலையில் கட்டிவிடலாமா என்ற எண்ணம் வரும். அப்போது பாட்டிலைத் திருப்பி, லேபிளில் உள்ள தேதியைக் கடைக்காரரோடு சேர்ந்தே படியுங்கள்; “அண்ணே, இதை இன்னும் 20 நாளுக்குள் தெளித்தாக வேண்டும்” என்று சொல்லுங்கள், அவர் வேண்டாமென்றால் வற்புறுத்தாதீர்கள். காலாவதியானதை விற்பதற்குப் பூச்சிக்கொல்லி விதிகள், 1971 இடம் தரவில்லை.

மேலாளர் “எப்படியாவது தள்ளிவிடு” என்று போனில் சொன்னால், அதையே வாட்ஸ்அப்பில் எழுதித் தரும்படி பணிவாகக் கேளுங்கள்.

கடைசித் தெளிப்புக்கும் அறுவடைக்கும் இடையே விட வேண்டிய நாட்களை விவசாயியிடம் மறைப்பதையே நான் மிகக் கொடியதாகக் கருதுகிறேன், ஏனெனில் அந்தத் தோப்புகளில் விளையும் பெங்களூரா ரக மாங்காய்தான் கூழாகிக் குழந்தைகள் குடிக்கும் பானத்தில் சேர்கிறது.