பழைய லெட்டர் படிக்கறப்ப பண்ற தப்புங்க (எல்லாம் நான் பண்ணதுதான்)

1800கள்ல இங்கிலாந்து குடும்பங்க எழுதின லெட்டர படிச்சு டைப் பண்ற வேலைக்கு புதுசா ரெண்டு பேர் வந்திருக்காங்க, அவங்க நோட்ஸ பாத்தா அப்படியே பத்து வருஷத்துக்கு முந்தின நான். கையெழுத்து புரியலைங்கறதெல்லாம் பழகிடும், விடுங்க.

எழுதின தேதிய மட்டும் பாக்கறது

இதுதான் இன்னமும் கடுப்பேத்துது. கப்பல் ஆப்பிரிக்காவ சுத்திப் போன காலத்துல கல்கத்தாவுக்கு லெட்டர் போக நாலஞ்சு மாசம் ஆகும். நான் படிச்ச ஒரு கட்டுல, குழந்தை ஜுரத்துல போயிடுச்சுன்னு அம்மா எழுதறா, அடுத்த லெட்டர்ல கல்கத்தால இருக்கற அப்பா "பாப்பா நடக்குதா, ஷூ வாங்கி அனுப்பவா"ன்னு கேக்கறான், நான் பாட்டுக்கு 'பாசமில்லாத மனுஷன்'னு எழுதி வெச்சு அத வெச்சே மூணு வாரம் நோட்ஸ் போட்டேன். பாவம், அவனுக்கு சேதியே போய் சேரல. மொத்தமும் குப்பைக்கு.

தூரம் கம்மின்னாலும் இதே கததான். 1851 ஏப்ரல்ல டார்வினோட 10 வயசு பொண்ணு ஆனி, தண்ணி வைத்தியத்துக்குப் போன மால்வெர்ன்ல சீரியஸ், அப்பா பக்கத்துல இருக்கார், அம்மா எம்மா மாசமா இருந்ததால கென்ட்ல வீட்லயே. 23ம் தேதி மதியம் 12 மணிக்கு பொண்ணு போயிடுச்சு, அத எழுதின லெட்டர் அம்மா கைக்கு மறுநாள்தான் போச்சு. நடுவுல அந்த ஒரு நாள் இருக்கு பாருங்க.

இப்பல்லாம் எக்ஸெல்ல ரெண்டு காலம் (column) போடறேன், எழுதின தேதி, கைக்கு வந்த தேதி. வந்த தேதிய வாங்கினவங்களே சிலசமயம் லெட்டர் பின்பக்கத்துல குறிச்சு வெச்சிருப்பாங்க.

நோய் பேர்

கன்சம்ப்ஷன்னா பெரும்பாலும் டிபிதான், சரி. ஆனா ராபர்ட் கோக்னு ஜெர்மன் டாக்டர் அந்தக் கிருமிய 1882லதான் காட்டினார், அதுக்கு முன்னாடி இருமற அக்காவோட தங்கச்சி ஒரே கட்டில்ல படுத்தத 'அலட்சியம்'னு எழுதாதீங்க ப்ளீஸ்.

ஒரே பேர்

செத்த குழந்தை பேர அடுத்ததுக்கு வெப்பாங்க. வயச கூட்டிப் பாருங்க.

"அல்ட்."

தேதி பக்கத்துல இப்படி (ult.) இருந்தா போன மாசம். இந்த மாசம் இல்ல.

குறுக்கும் நெடுக்கும் எழுத்து

பேப்பர பக்கவாட்டுல திருப்புங்க. 1840க்கு முன்னாடி தபாலுக்கு எத்தன தாளோ அத்தன காசு, அதான் எழுதினதுக்கு மேலயே குறுக்க எழுதியிருக்காங்க.

ஸ்கேன்ல அட்ரஸ் பக்கத்த வெட்டறது

1840க்கு முன்னாடி பெரும்பாலும் கவர் கெடையாது, தாளயே மடிச்சு அனுப்புவாங்க, போஸ்ட் முத்திரை அங்கதான் இருக்கு. வெட்டினா கைய ஒடிப்பேன்.