பழைய கராட் டேர்ன்டேபிளைத் திரும்பப் பாடவைக்க

திருகோணமலையில் பழைய கராட் (Garrard என்ற ஆங்கிலேய நிறுவனத்தின் இசைத்தட்டுக் கருவி) கைக்கு வந்தால், உப்புக்காற்று அதை என்ன செய்திருக்கிறது என்று முதலில் பார்ப்பேன். பிளக்கைக் கழற்றிவிட்டு, ஊசித்தலையின் பித்தளைத் தொடுமுனைகளைப் பாருங்கள். பச்சை படிந்திருந்தால் ஒரு பக்கம் பாட்டே வராது. பென்சில் அழிறப்பரால் மெதுவாகத் தேய்த்தால் போதும்.

சுழலும் தட்டைத் தூக்கினால் மோட்டருக்கும் தட்டுக்கும் இடையில் இறப்பர் சில்லு ஒன்று இருக்கும். கராட்டின் உயிரே அதுதான். அதன் விளிம்பைப் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடையுங்கள். அதில் எண்ணெய் பட்டால் வழுக்கும், சுருதி ஆடும். எண்ணெய் அச்சுகளுக்கு மட்டும்: இறுகிய கிரீஸைச் சுரண்டி எடுத்துவிட்டு, தையல் மெஷின் எண்ணெய் ஒரு துளி.

அப்புறம் வேகம். நம் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். வேகம் பார்க்கும் 180 கோடுள்ள ஸ்ட்ரோப் தட்டை மேலே வைத்துச் சுழலவிட்டு, பழைய குண்டு பல்ப் வெளிச்சத்தில் பாருங்கள். கோடுகள் அசையாமல் நிற்பதுபோலத் தெரிந்தால் நிமிடத்துக்கு 33⅓ சுற்று சரி. அமெரிக்காவிலிருந்து வந்த 60 ஹேர்ட்ஸ் மெஷின் என்றால் இங்கே மெதுவாகத்தான் ஓடும், மோட்டர் கப்பியை மாற்றவேண்டும்.

ஊசிப் பாரத்தை ஊகிக்காதீர்கள். ஊசியைத் தாங்கும் கையை மட்டமாக மிதக்கவிட்டுப் பாரத்தைப் பூச்சியமாக்கி, காட்ரிஜுக்கு (ஊசி பொருந்தியிருக்கும் சிறு பெட்டி) சொன்ன கிறாமை வையுங்கள். பாரம் குறைந்தால் இசைத்தட்டுக்கு நல்லது என்பது தவறு. துள்ளும் ஊசிதான் பள்ளத்தைக் கிழிக்கும்.