கிழங்கு மாவுப் பசையில் கொலாஜ்

தாள் துண்டுகளை ஒட்டிப் படமாக்கும் கொலாஜுக்கென்று தனியாகத் தாள் வாங்கத் தேவையில்லை. ஜெர்மன் ஓவியர் கர்ட் ஷ்விட்டர்ஸ் டிராம் டிக்கெட், மிட்டாய் உறை, கிழிந்த விளம்பரம் என்று கண்ணில் பட்டதையெல்லாம் ஒட்டினார். 1919-இல் ஒரு வங்கி விளம்பரத்திலிருந்து வெட்டிய 'மெர்ஸ்' என்ற துண்டே அவர் படைப்புகளுக்குப் பெயராகிவிட்டது. சேலத்தில் அப்படிப் பொறுக்க நிறைய உண்டு: வெள்ளிக் கடை ரோஸ் தாள், தினசரி காலண்டர், கல்யாணப் பத்திரிகை, சுவரிலிருந்து உரிந்து தொங்கும் போஸ்டர்.

வெட்டுமுன் ஒவ்வொரு தாளின் ஓரத்திலும் ஈரப் பஞ்சை வைத்துப் பாருங்கள். ரோஸ் தாள் பெரும்பாலும் சாயம் விடும். பக்கத்துத் துண்டையும் சிவப்பாக்கிவிடும். மெஷினில் அடித்துத் தரும் பஸ் டிக்கெட் நாளடைவில் வெளிறும், சூடு பட்டால் கறுக்கும். அதை லேசர் ஜெராக்ஸ் எடுத்து ஒட்டுவதே சரி. செய்தித்தாள் மஞ்சளாகத்தான் செய்யும், அதில் லிக்னின் என்ற மரப்பொருள் இருக்கிறது. அந்த நிறம் பிடித்தால் மட்டும் சேருங்கள்.

பசைக்கு நம்மூர் மரவள்ளி மாவே போதும். ஜவ்வரிசியை ஊறவைத்து அரைப்பதைவிட ஸ்டார்ச் மாவாகவே வாங்கிவிடுங்கள். மாவு ஒரு பங்கு, தண்ணீர் எட்டுப் பங்கு. பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்த பிறகே அடுப்பில் ஏற்ற வேண்டும். கொதிநீரில் கொட்டினால் உருண்டை உருண்டையாகத் திரளும். சிறு தீயில் கை விடாமல் கிளறுங்கள். பால் வெள்ளை மாறி, கரண்டியின் அடி தெரியும் அளவுக்குக் கண்ணாடி போல ஆனதும் இறக்குங்கள். முன்பே இறக்கினால் காய்ந்தபின் வெள்ளை பூக்கும். அதிகம் காய்ச்சினால் நூல் நூலாக இழுபடும். ஆறியதும் துணியில் வடிகட்டுங்கள். போஸ்டர் ஒட்டுபவர்கள் பூச்சிக்காகச் சேர்க்கும் மயில்துத்தம் இதற்கு வேண்டாம்: விஷம், கறையும் விழும். ஃப்ரிட்ஜில் மூன்று நாள் வைக்கலாம். புளித்த வாடை வந்தால் கொட்டிவிடுங்கள்.

அடித்தளத்துக்கு 2 மி.மீ. மவுண்ட் போர்டு, அதாவது கெட்டி அட்டை. துண்டின் பின்புறம் பசை தடவி ஒரு நிமிடம் விடுங்கள். தாள் ஈரத்தில் விரிந்து முடியட்டும். அவசரப்பட்டு ஒட்டினால் போர்டின் மேலேயே விரிந்து கொப்பளிக்கும். நடுவிலிருந்து ஓரத்துக்குத் துணியால் நீவுங்கள். காயும்போது தாள் சுருங்கிப் போர்டை முன்பக்கம் வளைக்கும். அதைத் தடுக்கப் பின்புறமும் அதே கனத் தாள் ஒன்றை முழுதாக ஒட்ட வேண்டும். பலரும் விட்டுவிடுவது இதைத்தான்.

சித்திரை வெயிலில் சேலத்தில் ஒட்டுவதானால் ஃபேனை நிறுத்திவிடுங்கள், இல்லையேல் ஓரம் காய்ந்து தூக்கும். ஏற்காட்டு மழைக்காலத்தில் பிரச்சினை நேர்மாறு. மூடுபனி இருக்கும்வரை பசை காயாது, பூஞ்சை வந்துவிடும். பட்டர் பேப்பருக்கும் செய்தித்தாளுக்கும் நடுவே வைத்துப் பாரம் ஏற்றி, செய்தித்தாளைக் காலையும் மாலையும் மாற்றுங்கள். தொட்டால் குளிர்ச்சி தட்டினால் உள்ளே ஈரம் இருக்கிறது. அந்த நிலையில் ஃப்ரேம் போடக் கூடாது. போடும்போதும் கண்ணாடி தாளில் படாதபடி 3 மி.மீ. இடைவெளி விடச் சொல்லுங்கள்.